பெரிய படிகம் போட்டால் ஆக்சிஜன் கூடுமா?

கேள்வி: அப்பாவுக்கு நுரையீரல் கோளாறு. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் வீட்டு ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டரில் மஞ்சள் விளக்கு எரிகிறது. உள்ளே இருக்கும் ஜியோலைட் என்ற நுண்துளைக் கனிம மணிகளை மாற்ற வேண்டுமாம். 'மெதுவாக வளர்த்த பெரிய படிகம் வந்திருக்கிறது, துளை பெரிது, விலை இரண்டு மடங்கு' என்கிறார் கோவையிலிருந்து வரும் சர்வீஸ்காரர். வாங்கலாமா? (வாசகி, கொழிஞ்சாம்பாறை)

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா. மஞ்சள் விளக்கு எரிந்தால் வருகிற காற்றில் ஆக்சிஜன் குறைந்துவிட்டது என்று அர்த்தம். முதலில் டாக்டரிடம் சொல்லி, கைவசம் ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் வையுங்கள். அப்புறம் தூசி ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். கோளாறு அங்கேயே இருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

'துளை பெரிது' என்பது சுத்தப் பொய். இந்தக் கருவிகள் பலவற்றில் போடும் 13எக்ஸ் வகை ஜியோலைட்டுக்குத் துளையின் வாசல் சுமார் 0.74 நானோமீட்டர்தான், எப்படி வளர்த்தாலும். நைட்ரஜனும் ஆக்சிஜனும் அதில் தாராளமாக நுழையும். உள்ளே இருக்கும் சோடியம் அயனிகள் நைட்ரஜனைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொள்ள, ஆக்சிஜன் வெளியே வந்துவிடுகிறது.

வளர்க்கும் முறையால் மாறுவது மணிக்குள் இருக்கும் படிகத்தின் அளவும் பக்குவமும். கற்கண்டும் சீனியும் ஒரே சர்க்கரைதான், ஆனால் கற்கண்டு கரைய நேரம் பிடிக்கும். பெரிய படிகத்தின் நடுவுக்குக் காற்று போய்ச் சேரவும் அப்படித்தான். உங்கள் கருவியோ சில விநாடிக்கு ஒருமுறை 'புஸ்' என்று மணி நிரப்பிய ஒரு உருளையிலிருந்து மற்றதற்கு மாறுகிறது. இதற்குச் சின்னப் படிகம்தான் சரி. இரட்டைக் கண்ணாடி ஜன்னலுக்குள் ஈரம் உறிஞ்சப் போடும் 3ஏ என்ற ஜியோலைட் மணிக்கு வருடக்கணக்கில் அவகாசம் உண்டு. அங்கே படிகம் பெரிதாக இருந்தாலும் நஷ்டமில்லை. அதைக் காட்டி சர்வீஸ்காரர் பேசினால் மயங்காதீர்கள், அது ஜன்னல் கதை. பக்குவத்தைப் பொறுத்தவரை, படிகம் வளரும் கூழை அளவுக்கு மீறி வேகவிட்டால் பாகு முறிந்த மாதிரி 'பி' என்ற வேறு வகை தலைகாட்டும், அதன் வாசல் குறுகல்.

உண்மையான எமன் ஈரம். ஜியோலைட்டுக்குத் தண்ணீர் கிடைத்தால் நைட்ரஜன் இரண்டாம்பட்சம். பாலக்காட்டுக் கணவாய் வழியே மழைக்காற்று வீசுகிற மாதத்தில் மூட்டையைப் பிரித்து, பாலித்தீன் பையில் கட்டி, 'இம்போர்ட்டட்' என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். வாங்கும் முன் ஸ்டீல் டம்ளரில் ஒரு ஸ்பூன் மணி போட்டு, கொஞ்சம் தண்ணீர் விடச் சொல்லுங்கள். நல்ல சரக்கென்றால் டம்ளர் சட்டென்று சூடாகும், விரல் ஜாக்கிரதை. சூடாகவில்லையா, ஏற்கெனவே ஈரம் குடித்த சரக்கு. வெயிலில் காயவைத்துத் தருகிறேன் என்பார், நம்பாதீர்கள். உலர்ந்த காற்றோட்டத்தில் 300 டிகிரி வாக்கில் சூடாக்கினால்தான் அந்த ஈரம் போகும்.

வாரண்டி இருக்கிறதா என்றும் பாருங்கள். தமிழக-கேரள எல்லையிலுள்ள வேலந்தாவளம் செக்போஸ்டைத் தாண்டினால் 'அது எங்கள் ஏரியா இல்லை' என்று இரண்டு பக்க டீலர்களும் கைவிரிப்பார்கள். மூச்சுக்காற்றுக்குக்கூட எல்லை போட்டு வைத்திருக்கிறார்கள்! பில்லை வைத்துக்கொண்டு நேரே கம்பெனிக்கே எழுதுங்கள்.

கடைசியில் மணி மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், சீல் உடையாத டின்னை உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் அனலைசரில் ஆக்சிஜன் அளவைக் காட்ட வேண்டும். டாக்டர் சொன்ன லிட்டரில் வைத்து 90 சதவீதத்துக்கு மேல் வந்த பிறகு பணம் கொடுங்கள்.