அமெரிக்கால யுனைடெட் வேன்னு சொல்றாங்களே, அது என்ன பண்ணுது?

ஒரு கவுண்ட்டிக்குள்ள (அந்த ஊர் மாவட்டம்) நன்கொடையை ஒரே இடத்துல திரட்டி, இலவச உணவு, முதியோர் கவனிப்பு, குழந்தைங்க படிப்புன்னு வேலை செய்யற அமைப்புகளுக்குப் பிரிச்சுக் குடுத்து, தன்னார்வலர்களையும் தேவையான இடத்துக்கு அனுப்புற தொண்டு நிறுவனம். 1887ல டென்வர்ல ஆரம்பிச்சது. காரணம் சிம்பிள், ஆளாளுக்கு வசூலுக்கு வந்தா குடுக்குறவங்க சலிச்சுப் போவாங்க, கேக்கத் தெரிஞ்சவங்களுக்கே பணம் போயிரும், நிஜமா கஷ்டப்படுற இடம் விட்டுப்போயிரும். ஊர்த் திருவிழாவுக்கு ஒரே கமிட்டி வசூல் பண்ணி பந்தலுக்கு இவ்ளோ, அன்னதானத்துக்கு இவ்ளோன்னு ஒதுக்குற மாதிரி தான். நிறைய பேர் சம்பளத்துலயே பிடிக்கச் சொல்லிடுவாங்க, யாருக்கு எவ்ளோன்னு பல ஊர்ல உள்ளூர் தன்னார்வலர்களே உக்காந்து விண்ணப்பம் படிச்சு முடிவு பண்றாங்க, எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சதே அது தான்.

கவுண்ட்டி ஆபீஸோட ஒரு பிரிவுன்னு பலர் நினைக்கிறாங்க, அப்படி இல்ல, ஒவ்வொரு ஊர் யுனைடெட் வேயும் தனக்குன்னு நிர்வாகக் குழு வச்சிருக்கிற தனித் தொண்டு அமைப்பு.