ஏற்காடு கிளை போன் 32 விநாடியில் கட் ஆகுதா? ரவுட்டரைப் பாருங்க

வணக்கங்க. சேலம் செவ்வாய்ப்பேட்டை ஆபீஸ்ல இருந்து ஏற்காடு கிளைக்குக் கூப்பிட்டா மணி அடிக்குது, எடுத்தா நீங்க பேசுறது அங்கே கேட்கலை, அரை நிமிஷத்துல கட் ஆகுதுன்னு எழுதியிருந்தீங்க. புது ஐபி போன் (இன்டர்நெட் வழியா ஓடுற போன்) வாங்கிடாதீங்க, காசு வீண்.

கட் ஆகுற நேரத்தைக் கடிகாரம் வச்சுப் பாருங்க. சுமார் 32 விநாடின்னா சந்தேகம் ரவுட்டர் மேலதான். மணி அடிக்க வைக்கிற எஸ்ஐபி (அழைப்பைத் தொடங்கி முடிக்கிற முறை) தகவல் 5060 போர்ட்ல (எண் போட்ட வாசல் மாதிரி) போகும், குரல் வேற போர்ட்ல தனியாப் போகும். ஏற்காடு போன் தன் முகவரியை 192.168-னு தொடங்குற உள்முகவரியா, அதாவது அந்தக் கிளைக்குள்ள மட்டும் செல்லுற முகவரியாச் சொல்லிடுது. சேலம் பிபிஎக்ஸ் (உங்க ஆபீஸ் அழைப்புகளை இணைக்கிற எக்ஸ்சேஞ்ச்) குரலையும் "எடுத்தது தெரிஞ்சுது"ங்கிற பதிலையும் அங்கேயே அனுப்பும், போய்ச் சேராது. பதில் வராத போன் 32 விநாடி பார்த்துட்டு வச்சிடும்.

ஆளை 20 கொண்டை ஊசி வளைவு ஏத்தி அனுப்புறதுக்கு முன்னாடி, ஏற்காடு ரவுட்டர்ல எஸ்ஐபி ஏஎல்ஜியை (எஸ்ஐபி தகவலை ரவுட்டரே நடுவுல மாத்துற வசதி) அணைச்சு, பிபிஎக்ஸ்ல ஏற்காடு எக்ஸ்டென்ஷனுக்கு (அந்த போனோட உள் எண்) நேட் அமைப்பை (போன் சொல்ற உள்முகவரியை விட்டுட்டு, தகவல் வந்த முகவரிக்கே பதில் அனுப்புறது) ஆன் பண்ணச் சொல்லுங்க. பெரும்பாலும் இதுலயே சரியாகும்.

நிரந்தரமா வேணும்னா ரெண்டு ரவுட்டருக்கும் நடுவுல வயர்கார்ட் விபிஎன் (இன்டர்நெட்டுக்குள்ளேயே ஒரு தனிப் பாதை) போடுங்க. இணைப்பை ஏற்காடு பக்கம் தொடங்கட்டும், கீப்அலைவ் (பாதை மூடிடாம அப்பப்ப அனுப்புற சின்னத் தகவல்) 25 விநாடி. அங்கே பொது ஐபி (வெளியில இருந்து நேரா எட்டுற முகவரி) இல்லாட்டியும் ஓடும்.

5060-ஐ மட்டும் தயவுசெஞ்சு வெளியுலகத்துக்குத் திறந்து வைக்காதீங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு கடையில அப்படி வச்சு, ஒரே ராத்திரியில யாரோ வெளிநாட்டுக்குக் கூப்பிட்டுத் தள்ளிட்டாங்க.

லைன் மெதுவா இருந்தா, குரலை டேட்டாவா மாத்துற முறையை ஜி.711-க்குப் பதிலா ஜி.729-னு வைங்க. ஒரு அழைப்புக்குச் சுமார் 87 கேபிபிஎஸ் (விநாடிக்கு இத்தனை கிலோபிட்) எடுக்கிறது 31-க்கு இறங்கும். கட் ஆகுற நேரத்தை இங்கேயே எழுதுங்க, பார்க்கிறேன்.