உள்ளூரில் ஓட்டினால் பிழைச் செய்திக்குப் பதில் வெறும் {} வருகிறதா?

வணக்கம். மொரீஷியஸின் ரோஸ் ஹில் கோயிலில் காவடிக்குப் பெயர் பதியும் படிவத்துக்கு லாம்டா (அமேசான் மேகக்கணினியில் ஓடும் சிறு நிரல்) எழுதியிருக்கிறீர்கள்; அதைச் சொந்தக் கணினியிலேயே சோதிக்கும் சாம் லோக்கலில் ஓட்டினால் பிழைக்குப் பதில் {} மட்டும் தெரிகிறது என்கிறீர்கள். விடை நீங்கள் ஒட்டிய நிரலிலேயே இருக்கிறது. பிழையைப் பிடிக்கும் கேட்ச் பகுதியில் அதை, பொருளை உரையாக மாற்றும் ஜேசன்.ஸ்ட்ரிங்கிஃபை வழியாக அச்சிடுகிறீர்கள். ஜாவாஸ்கிரிப்ட் பிழைப் பொருளில் மெசேஜ் (பிழைச் செய்தி), ஸ்டாக் (பிழை எந்த வழியாக வந்தது என்ற தடம்) இரண்டும் பண்புகளைப் பட்டியலிடும்போது வராதவை (நான்-எனுமரபிள்). ஜேசன் அவற்றைக் கண்டுகொள்ளாது. கன்சோல்.எரருக்குள் பிழையை அப்படியே போடுங்கள், முழு ஸ்டாக்கும் கொட்டும். போர்ட் லூயியில் ஒரு கடைக்கு வேலை செய்தபோது நானும் இதே {}-ஐ இரண்டு நாள் முறைத்துப் பார்த்தவன்தான்.

அப்புறம், டைப்ஸ்கிரிப்ட் என்பதால் வரி எண் தொகுத்த கோப்பையே காட்டும். நிரலைத் தொகுக்கும் ஈஎஸ்பில்டில் சோர்ஸ்மேப்பை (தொகுத்த வரியை மூல வரியோடு இணைக்கும் கோப்பு) இயக்கி, நோட்_ஆப்ஷன்ஸ் என்ற சூழல் மாறியில் --எனேபிள்-சோர்ஸ்-மேப்ஸ் கொடுங்கள். அந்த மாறியை சாமின் டெம்ப்ளேட் கோப்பில் அறிவிக்க மறக்காதீர்கள். டெர்மினலில் மட்டும் எக்ஸ்போர்ட் செய்தால் லாம்டா உள்ளூரில் ஓடும் தனிப் பெட்டியான டாக்கர் கன்டெய்னருக்குள் போகாது; பலர் சறுக்குவது இங்கேதான்.

நேரம் தீர்ந்துவிட்டது என்று செய்தி வந்தால் அது வேறு கதை: டைம்அவுட் (லாம்டா ஓடக்கூடிய அதிகபட்ச நேரம்) குறிப்பிடாவிட்டால் 3 விநாடிதான்.