பறவை ஆராய்ச்சிக்குக் காட்டுக்குத்தான் போக வேண்டுமா?

"பறவையியலே தொழிலாக வேண்டும், அதற்கு மும்பையை விட்டுக் காட்டுப் பக்கம் போய்த்தான் ஆக வேண்டுமா?" என்று கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

வேண்டியதில்லை. தாராவியில் வளர்ந்தவன் நான். கிங்ஸ் சர்க்கிளில் ஹார்பர் ரயில் ஏறிப் போய் வந்தே முனைவர் பட்டம் முடித்தேன். களம், தாணே கழிமுகத்தை ஒட்டிய சிவ்ரி சேற்றுவெளி. கரையில் எண்ணெய்த் தொட்டிகள், ஓரத்தில் அலையாத்தி, இறங்கினால் முழங்கால் சேறு. நகரத்தின் கழிவுநீர் தாணே கழிமுகத்தில் கலக்கிறது. அந்தச் சத்தில் நுண்பாசி கொழுக்கிறது. அதைச் சலித்துத் தின்னவே சிறிய பூநாரைகள் (ஃபிளமிங்கோ) கூட்டமாக வருகின்றன என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். 1990களில்தான் இந்தப் பெருங்கூட்டம் வரத் தொடங்கியது. இடம் கெட்டதில் எந்தப் பறவைக்கு லாபம், சேற்றில் இரை தேடும் எந்த உள்ளானுக்கு நஷ்டம் என்று கணக்குப் பார்ப்பதே என் பிழைப்பு.

முதல் ஆண்டுக் கணக்கு முழுவதும் வீண். ஞாயிறுதோறும் காலை எட்டு மணிக்குத் தவறாமல் எண்ணினேன். ஒழுங்கானவன் என்ற பெருமை வேறு. ஒரு வாரம் ஆயிரக்கணக்கில் இருக்கும், மறுவாரம் ஒன்றுகூட இருக்காது. வழிகாட்டிப் பேராசிரியர் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதினார்: "அப்போது தண்ணீர் எங்கே இருந்தது?" ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம், நாளுக்குச் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய காலைகளில் சேறு வெளியே கிடக்கும். நவமி, தசமியில் அதே நேரம் தண்ணீர் நிறைந்து, பறவைகள் நவி மும்பைக் குளங்களில் ஒதுங்கியிருக்கும். அதன் பிறகு ஓத அட்டவணையோடு, அம்மா அடுக்களையில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டரின் திதியையும் பார்த்துத்தான் கிளம்பினேன். "படிச்ச பிள்ளை பஞ்சாங்கம் பார்க்குது" என்று அம்மா ஊருக்கெல்லாம் சொன்னாள்.

படிப்பு விஷயம்: விலங்கியலோ சூழலியலோ முதுகலை, கூடவே புள்ளியியல். இதில் கோட்டை விட்டால் எவ்வளவு பறவை தெரிந்தும் பயனில்லை. 1883இல் தொடங்கிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இந்த ஊரிலேயே இருக்கிறது. கோயம்புத்தூரில் பறவை ஆய்வுக்கான சாலிம் அலி மையம். சம்பளம் பெரும்பாலும் திட்டத்துக்குத் திட்டம். வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எல்லாம் ரசனையான வேலையுமல்ல. 2024 மே மாதம் மும்பை காட்கோபரில் விமானம் மோதிக் கிட்டத்தட்ட 40 பூநாரைகள் செத்து விழுந்தன. நகரத்துப் பறவையைப் படிப்பவன் அதையும் எண்ணத்தான் வேண்டும்.

பொங்கல் கழிந்ததும் ஒருநாள் சிவ்ரிக்கு வாருங்கள். தண்ணீர் ஏற ஏற, பறவைகள் கரைப்பக்கம் நெருங்கும். வெள்ளைச் செருப்பு மட்டும் வேண்டாம்.