நவீன அடிமைத்தனத்தை ஆராய்வதை ஒரு தொழிலாகச் செய்ய முடியுமா?

இலங்கை மலையகத்தில் ஹட்டனில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: சமூகவியல் படிக்கிறேன், நவீன அடிமைத்தனத்தை ஆராய்வதையே தொழிலாக எடுக்கலாமா, அந்த வேலையில் அப்படி என்னதான் செய்வீர்கள் என்று.

எடுக்கலாம். நானும் அதே மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைதான், இப்போது பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறேன், என் ஆய்வும் இதுதான். ஆட்களை மீட்கிற சாகசமெல்லாம் சினிமாவோடு சரி. என் நேரம் பெரும்பாலும் கடன் கணக்குப் பார்ப்பதில் போகிறது: யார், யாருக்கு, எவ்வளவு, என்ன காரணம் சொல்லி அந்தக் காசைக் கொடுத்தார்கள், அதைக் கட்டாமல் வேலையை விட்டுப் போக முடியுமா?

நம் ஆட்களுக்கு இது புதிது இல்லை. முன்பு துண்டு முறை இருந்தது. கடனைக் குறித்த ஒரு சீட்டு; அந்தத் தொகையைக் கட்டினால்தான் அடுத்த தோட்டம் ஆட்களை எடுக்கலாம், அப்படியே, ஆள் சேர்த்து வேலை வாங்கும் கங்காணியோடு, கூட்டமாகக் கைமாறினார்கள். 1921 இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். இன்று வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணுக்கு சப் ஏஜென்ட், அதாவது ஊரில் ஆள் பிடிக்கிற தரகர், முன்பணம் கொடுக்கிறார், அது கூரைத் தகரத்துக்கும் பழைய கடனுக்கும் உடனே போய்விடும், அங்கே இறங்கினதும் பாஸ்போர்ட் முதலாளி கையில், சம்பளம் வரவில்லை, அடிக்கிறார்கள், திரும்பி வருகிறேன் என்றால் "வாங்கின காசை வச்சிட்டு வா" என்பார்கள். "உங்களைக் கட்டாயப்படுத்தினார்களா?" என்று கேட்டுப் பாருங்கள், பல அக்காமார் "இல்லை, நானாகத்தான் போனேன்" என்பார்கள். காசைப் பற்றிக் கேட்டால்தான் கதை வெளியே வரும்.

வாசிக்க நிறைய உண்டு. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1930 ஆம் ஆண்டு உடன்படிக்கை கட்டாய உழைப்புக்கு இரண்டு விஷயம் பார்க்கிறது: தண்டனை மிரட்டல், மனம் ஒப்பாமை. 2021 இல் உலகில் 2.76 கோடிப் பேர் அந்த நிலையில் இருந்ததாக மதிப்பீடு. இந்த வரையறையைக் கையில் வைத்துக்கொண்டுதான் தோட்டத்தைப் பார்க்க வேண்டும். கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம், போடுவது அநியாயம், ஆனால் அது மட்டுமே கட்டாய உழைப்பு ஆகாது. வேலைக்கு வராவிட்டால் லயத்து அறையை, தோட்டம் கொடுத்த வரிசை வீட்டை, காலி பண்ணு என்று மிரட்டும்போது கதை வேறு. எல்லாவற்றையும் அடிமைத்தனம் என்று எழுதினால் நிர்வாகத்துக்குத்தான் வசதி, ஒரு வரியை மறுத்து முழு அறிக்கையையும் தள்ளிவிடுவார்கள்.

எழுதி என்ன பயன் என்றும் கேட்பீர்கள். நவீன அடிமைத்தனத்தைப் பற்றிய ஐ.நா. சிறப்பு அறிக்கையாளராக டோமோயா ஒபோகாட்டா 2021 இல் இலங்கைக்கு வந்து மலையகத் தமிழர் நிலையைத் தன் அறிக்கையில் எழுதினார். அப்படி வருகிறவர்களிடம் கொடுக்க நம்மிடம் ஒழுங்கான பதிவு இருக்க வேண்டும். அதற்காகத் தோட்டத்து ஆட்களின் சம்பளம் உடனே ஏறும் என்று நினைக்காதீர்கள்.

ஒன்றில் மட்டும் கவனம். சப் ஏஜென்ட் பெரும்பாலும் அதே ஊர்க்காரர், சில நேரம் சொந்த மாமாவாகவே இருப்பார். லயத்தில் சுவருக்கும் காது உண்டு, அங்கே உட்கார்ந்து நேர்காணல் செய்யாதீர்கள், பெயரையும் தோட்டத்தையும் குறிப்பேட்டில் எழுதாதீர்கள். அப்புறம், முதுகலைக்கு விண்ணப்பிக்கும் முன் சிங்களம் நன்றாக வாசிக்கப் பழகுங்கள், பொலிஸ் முறைப்பாடுகள் பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.