இரண்டு விதைக்கும் ஒரே பெயர்

குலசேகரத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "மாமாவுக்கு மலச்சிக்கல். ஆளி விதை நல்லது என்றார்கள். நாகர்கோவில் நாட்டு மருந்துக் கடையில் செம்பழுப்பாகச் சின்னஞ்சிறு விதை தந்தார்கள். மார்த்தாண்டத்தில் தட்டையாக, பளபளப்பாக வேறொன்று. எது அசல்? கதவில் பூச ஆசாரி வாங்கிய லின்சீட் எண்ணெய் மிச்சமிருக்கிறது, அதைக் கொடுக்கலாமா?"

எண்ணெயை வாயில் வைக்கவே கூடாது சகோதரி. ஆளி விதையில் ஆட்டியதுதான். ஆனால் மரத்தில் சீக்கிரம் காய்வதற்காகக் கோபால்ட், மாங்கனீசு உப்புகளைச் சேர்த்து விற்பதுண்டு. டப்பாவில் 'பாயில்டு' என்று போட்டிருந்தால் காய்ச்சிச் சுத்தமாக்கியது என்று நம்பிவிடாதீர்கள். அந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயப்போடச் சொல்லுங்கள்.

மார்த்தாண்டத்தில் வாங்கியதுதான் நீங்கள் தேடியது. எள்ளைவிடப் பெரிது, ஒரு முனை கூர்மை. இச்செடியின் தண்டு நாரில்தான் லினன் துணி நெய்கிறார்கள். எகிப்தில் மம்மிகளைச் சுற்றியதும் அந்தத் துணியே. நாகர்கோவிலில் தந்தது ஹலீம் என்கிற சிறு கீரைச்செடியின் விதையாக இருக்கும். அதையும் ஆளி என்றே விற்கிறார்கள். நஞ்சல்ல, ஆனால் வேறு செடி. இரண்டுமே ஊறினால் கொழகொழக்கும், ஆகவே ஊறவைத்துப் பார்த்துப் பயனில்லை. வடிவத்தைப் பாருங்கள்.

நிறத்தை நம்பாதீர்கள். பழுப்புதான் அசல் என்று பலர் சொல்வார்கள். பொன்னிற ஆளியும் உண்டு. அது வெளுத்ததல்ல, சாயம் போட்டதல்ல, வயதானதுமல்ல. இரகம் வேறு, அவ்வளவுதான். பழுப்பைவிடச் சத்து கூடுதல் என்று சொல்லி அதிக விலை கேட்டால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

இன்னொரு கூட்டம் 'நம்ம தோவாளையில் விளைந்தது' என்று வாட்ஸ்அப்பில் பொடி விற்கிறது. ஆளி குளிர்காலப் பயிர். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் பக்கம் விளைந்து மூட்டையாக இங்கே வருகிறது. இடைத்தரகர் கைமாறிய பொடியை நம் ஈரக்காற்றில் வைத்தால் சீக்கிரமே காறல் வாடை அடிக்கும். உறையில் தாவரப் பெயரையும் அரைத்த தேதியையும் பெரிதாக அச்சிட வைப்பது அத்தனை கடினமா? எத்தனை முறை சொல்லியும் யாரும் அசைவதில்லை.

முழு விதையாக வாங்கி, இலேசாக வறுத்து, ஒரு வாரத்துக்கு மட்டும் அரையுங்கள். முழுதாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியேறும். தினம் ஒரு தேக்கரண்டி, கூடவே ஒரு பெரிய டம்ளர் தண்ணீர். தண்ணீர் குறைந்தால் மாமாவுக்கு மலம் இன்னும் இறுகும். மாத்திரை சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்துக் கொடுங்கள்.