கேளுங்கள் அக்காவிடம்: பொலிஸும் நாங்களும்

(புதுக்கடை நீதிமன்றங்களில் நெடுங்காலம் கறுப்புக் கோட்டுடன் அலைந்த சட்டத்தரணி அக்கா பதில் தருகிறார்.)

கேள்வி: ரூல் மீறியது உண்மை. மறித்த டிரஃபிக் பொலிஸ்காரர் லைசன்ஸைக் கையில் வைத்துக்கொண்டு, "சீட்டு எழுதினால் உனக்குத்தான் அலைச்சல்" என்றார். ஆயிரம் ரூபா கொடுத்துவிட்டு வந்தேன். நானும் குற்றவாளியா?
– த்ரீவீலர் சாரதி, கொட்டாஞ்சேனை

ஆமாம் தம்பி. 2023ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டத்தில் வாங்குவதும் குற்றம், கொடுப்பதும் குற்றம். அடுத்த முறை, "சீட்டை எழுதுங்கள் சேர்" என்று சொல்லிவிட்டு நில்லுங்கள். தண்டப்பணத்தை 14 நாளுக்குள் தபாற்கந்தோரில் கட்டினால் சரி, பிந்தினால்தான் இரட்டிப்பு. இப்போது பல இடங்களில் கவ்பே (GovPay) என்ற அரசாங்க இணையக் கட்டண முறை மூலம் ஃபோனிலேயே கட்டலாம் என்பதால், அலைச்சல் என்று வெருட்டுவதெல்லாம் இனி அவ்வளவு எடுபடாது. யாராவது வற்புறுத்திக் காசு கேட்டால், கொடுப்பதற்கு முன்பே இலஞ்ச ஆணைக்குழுவின் 1954க்கு அழையுங்கள். கொடுத்து முடித்த பிறகு அவர்கள் எங்கே போய்க் கையும் களவுமாகப் பிடிப்பது?

கேள்வி: வாடகைப் பிரச்சினைக்காக முறைப்பாடு கொடுக்கப் போனேன். தமிழில் சொன்னேன், சிங்களத்தில் எழுதி, "இங்கே சைன் பண்ணுங்க" என்றார்கள். பண்ணிவிட்டேன். இப்போது நான் சொல்லாததெல்லாம் அதில் இருக்கிறதாம்.
– வாசகி, வெள்ளவத்தை

இந்தக் கடிதம் எனக்கு எத்தனையோ தடவை வந்துவிட்டது. அந்தப் பெரிய கோடு போட்ட புத்தகத்தைப் பார்த்திருப்பீர்கள். அதில் வாக்குமூலத்தின் கடைசியில், வாசித்துக் காட்டப்பட்டது, சரியென ஏற்றுக்கொண்டேன் என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் அந்த வரி மட்டும் தவறாமல் வந்துவிடும்! நீங்கள் கையெழுத்து வைத்தது அதற்குக் கீழேதான்.

தமிழில் அலுவல் பார்க்க அரசியலமைப்பே உங்களுக்கு உரிமை தருகிறது. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டமும் வாக்குமூலத்தை உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும், திருத்தவோ சேர்க்கவோ விட வேண்டும் என்கிறது. ஆகவே தமிழ் தெரிந்த உத்தியோகத்தரைக் கேளுங்கள். இல்லையென்றால், "எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது, தமிழில் விளக்கப்படவில்லை" என்று உங்கள் கையாலேயே தமிழில் எழுதி, அதன் கீழே கையெழுத்து வையுங்கள். முகத்தைச் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். சட்டத்தரணியைக் கூட்டிப் போகவும் உங்களுக்கு உரிமை உண்டு. நடந்ததைத் திருத்த, உடனே மேலதிகாரிக்குக் கடிதம் எழுதி, பிரதியைத் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் அனுப்புங்கள்.

கேள்வி: மகனை விசாரணைக்குக் கூட்டிப்போய் அடித்தார்கள். மூன்று வாரம் ஆகிறது. காயம் ஆறட்டும், பிறகு பார்க்கலாம் என்கிறார் மச்சான்.
– தாய், மட்டக்குளி

மச்சானை விடுங்கள், இன்றைக்கே கிளம்புங்கள். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட சம்பவத்திலிருந்து ஒரு மாதம்தான். அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் (தொலைபேசி 1996) முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. ஆனால் முறைப்பாட்டைப் போட்டாயிற்று என்று தூங்கிவிடாதீர்கள். விசாரணை நடப்பதற்கான கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் காட்டும்போது, வெட்கத்திலோ பயத்திலோ "வழுக்கி விழுந்தான்" என்று மட்டும் சொல்லக் கூடாது. பொலிஸில் அடித்தார்கள் என்றே சொல்லுங்கள், சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்பச் சொல்லுங்கள். அந்த அறிக்கை இல்லாமல் மன்றில் நிற்பது கஷ்டம். சித்திரவதைக்கு எதிரான 1994ஆம் ஆண்டுச் சட்டத்தில் குறைந்த தண்டனையே 7 வருடம்.

கேள்வி: பொலிஸ் மா அதிபரே அகப்படும் நாட்டில் எங்கள் முறைப்பாட்டை யார் பார்ப்பார்?
– வாசகர், மருதானை

அகப்பட்டார் என்பதைத்தான் நான் பார்க்கிறேன். முன்னாள் படைவீரர் ஒருவர் 2011இல் போட்ட மனுவில், தேசபந்து தென்னகோன் அவரது உரிமையை மீறினார் என்று 2023 டிசம்பரில் உயர் நீதிமன்றம் சொல்லி, 5 இலட்சம் ரூபா நட்டஈடு கட்ட வைத்தது. அதற்குப் பிறகும் தென்னகோனைப் பொலிஸ் மா அதிபராக்கினார்கள், அந்தத் துணிச்சலை என்னவென்று சொல்ல! கடைசியில் 2025 ஓகஸ்டில் பாராளுமன்றம் 177 வாக்குகளால் நீக்கியது, எதிர்த்து ஒரு வாக்கும் இல்லை. பன்னிரண்டு வருடக் காத்திருப்பு நியாயமில்லைதான். ஆனால் அந்த மனிதர் அன்றைக்கு மனுப் போடாமல் இருந்திருந்தால் நீதிமன்றத்தின் முன் ஒன்றுமே இருந்திருக்காது. உங்கள் முறைப்பாட்டைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், சீட்டைப் பிரதியோடு சேர்த்துக் குத்தி வையுங்கள்.